நூற்றிருபது கிலோமீட்டர்

ஓர் எண் மூன்று பேர் கை மாறியது. அதைப் பற்றிய வழக்கு இது, தீர்ப்பு உங்களுடையது.

கோவையில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் நிறுவனம் ஒன்றில் சுகந்தி சோதனைப் பொறியாளர். புது வண்டியைச் சமதளச் சாலையில், தனியாக, மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். ஒரே சார்ஜில் நூற்றிருபது கிலோமீட்டர் போனது. விளம்பரப் பிரிவுக் குபேந்திரனிடம் எண்ணைக் கொடுக்கும்போதே, "ரெண்டு பேர் உக்காந்து மலை ஏறினா இதுல கால்வாசிகூட வராது சார்" என்று சொன்னாள்.

பிறகு அவர் விளம்பரத்தை அவள் கைப்பேசிக்கு அனுப்பினார். வண்டியில் ஒரு தம்பதி, பின்னால் மலைப்பாதை, மேலே 'ஒரே சார்ஜில் 120 கி.மீ.' கீழே அவர் கேள்வி: "நம்பர் சரிதானே மேடம்?"

சுகந்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உறுத்தியது. ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது அவர்கள் பிரிவின் பழக்கம். "நம்பர் சரி சார்" என்று அனுப்பினாள். அந்தப் பதிலைக் குபேந்திரன் காட்டியதும் முதலாளி ஒப்புதல் கொடுத்தார்.

மேட்டுப்பாளையத்துத் தச்சர் ஆறுச்சாமி அந்த விளம்பரத்தைப் பார்த்து வண்டி வாங்கினார். மகள் கௌசல்யாவுக்குக் கோத்தகிரியில் அரசு வேலைத் தேர்வு. வயது வரம்பால் அதுவே கடைசி வாய்ப்பு. முழுச் சார்ஜோடு இருவரும் கிளம்பினார்கள். பாதி மலையில் வண்டி நின்றது. ஒரு லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது தேர்வுக்கூடக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

அப்பாவும் மகளும் நிறுவனத்துக்கே வந்துவிட்டார்கள். முதலாளி சுகந்தியைக் கைகாட்டினார். "இந்தப் பொண்ணு குடுத்த கணக்குங்க. படிச்சவங்களை நம்பித்தானே நாங்க போடுறோம்?"

பக்கத்தில் நின்ற குபேந்திரன் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ தப்பாச் சோதிச்சுட்டியா?" என்றார் ஆறுச்சாமி.

"இல்லைங்கய்யா. நம்பர் சரிதானுங்க."

"அந்தப் படத்தைப் பாத்தீங்களாக்கா?" என்று கேட்டாள் கௌசல்யா.

"பாத்தேன்." சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

சொல்லுங்கள்: கௌசல்யாவின் தேர்வு போனதற்கு யார் பொறுப்பு? பழியைச் சுகந்தி மேல் போட்டது நியாயமா?

விடை: நியாயமில்லை. அவள் கொடுத்த எண்ணும் உண்மை, எச்சரிக்கையும் உண்மை. எச்சரிக்கையை மறைத்தவர் குபேந்திரன். எதையும் விசாரிக்காமல் ஒப்புதல் கொடுத்து, பின்பு தப்பித்துக்கொண்டவர் முதலாளி. பொறுப்பில் பெரும்பங்கு இவர்களுக்கே. ஆனாலும் சுகந்திக்கு ஒரு பங்கு உண்டு. அவளிடம் எண்ணைத்தான் கேட்டார்கள்; அவள் பார்த்ததோ படத்தையும் சேர்த்து. 'நம்பர் சரி, படம் தப்பு' என்று எழுதியிருந்தாலும் அவர்கள் ஏற்றிருப்பார்களா, தெரியாது. ஏற்காமலே போயிருந்தாலும், கௌசல்யாவின் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடிந்திருக்கும்.