மடைக்காவலன் மகள்

பிள்ளை பெற்றவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். ஏரித் தண்ணீரை மட்டுமே நம்பி ஊர்கள் பிழைத்த காலத்தில் நடந்தது இது.

அந்த ஊர் ஏரிக்குக் காரி என்பவன் மடைக்காவலன். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது மடையை அடைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. அவன் சொன்னால் ஊர் நம்பும். அவன் மனைவி சாத்தி. அவர்களுக்கு ஒரே மகள், கொற்றி.

சிறுமியாக இருந்தவரை கொற்றி எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தாள். வளர வளர அவளுக்குள் ஒரு கோபமும் வளர்ந்தது. ஏன் என்று பெற்றவர்களுக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. ஒரு சொல் பிசகினால் போதும், கையில் கிடைத்ததை வீசுவாள், எதிரில் நிற்பவரை அடிப்பாள்.

ஒருநாள் குயவர் காயவைத்திருந்த பானைகளை மிதித்து உடைத்தாள். "காளை மிரண்டு ஓடியதைப் பார்த்தேன்" என்றான் காரி. ஊர் நம்பியது.

இன்னொரு நாள் அண்டை வீட்டு வைக்கோற்போருக்குத் தீ வைத்தாள். "என் அடுப்புப் பொறி பறந்துவிட்டது" என்றாள் சாத்தி. ஊர் அதையும் நம்பியது. ஆனால் ஒவ்வொரு முறையும் கொற்றி அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர்களைச் சுட்டது.

உறவினர் வந்து யோசனை சொன்னார்கள். "கட்டிப்போடு" என்றார் ஒருவர். "யாருக்காவது கட்டிக்கொடு" என்றார் ஒருவர். "கைகழுவிவிடு" என்றார் இன்னொருவர்.

காரி அவளை அறையில் பூட்டிப் பார்த்தான். கூரையைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

கோடையின் தொடக்கத்தில் ஒரு காலை. "கூழ் ஆறிப்போகிறது, வந்து குடி" என்று சாத்தி இரண்டாம் தடவை கூப்பிட்டாள். அவ்வளவுதான். கொற்றி கலயத்தைச் சுவரில் அடித்துவிட்டு ஓடினாள். நேரே ஏரிக்குப் போனாள். மடையை அடைத்திருந்த கட்டையைப் பிடுங்கித் தண்ணீரில் வீசினாள்.

காரி ஓடிவந்து மூழ்கி, வைக்கோலும் களிமண்ணும் திணித்து மடையை அடைப்பதற்குள் நண்பகல் ஆகிவிட்டது. ஏரித் தண்ணீர் வீணாக ஓடி, மடையின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. கதிர் வரும் பருவத்தில் பயிர் நின்றது. இனி வாய்க்காலில் ஒரு சொட்டும் ஓடாது.

ஊர் கூடியது.

"காரி, கட்டை இற்றுப்போய்விட்டது என்று நீயே முன்பு சொன்னாய். தானாகப் பிய்த்துக்கொண்டதா?" என்று தலைவர் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கொற்றி ஓர் ஓரமாக நின்று அப்பன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை ஐயா" என்றான் காரி. "என் மகள் பிடுங்கினாள். பானையை உடைத்ததும் அவள்தான், வைக்கோற்போரைக் கொளுத்தியதும் அவள்தான். நாங்கள் பொய் சொன்னோம்."

"நீயெல்லாம் ஓர் அப்பனா!" என்று கொற்றி அலறினாள்.

"துரத்து அவளை!" என்று கூட்டம் கத்தியது.

"மடைக்காவலை வேறு ஆளுக்குக் கொடுங்கள், அது நியாயம்" என்றான் காரி. "எல்லா வயலுக்கும் சுமக்க எங்களால் ஆகாது; மற்றவர் வீட்டில் சுமக்க ஆளுண்டு. கடைசி வயல் நல்லியுடையது. கணவனை இழந்தவள், அவளுக்கு வேறு நிலமில்லை. என் வயல் காயட்டும். மழை வரும்வரை, ஏரிக் குழியில் எஞ்சிய தண்ணீரை அவள் வயலுக்கு நாங்கள் குடத்தில் சுமக்கிறோம். ஆனால் என் பிள்ளையைத் துரத்த மாட்டேன்."

"அவள் போனால் நானும் போவேன்" என்றாள் சாத்தி.

தலைவர் கூட்டத்தைக் கையமர்த்தினார். பிறகு, "மடைக்காவல் வேறு ஆளுக்கு. நீங்கள் சுமந்து காட்டுங்கள், பெண் இருக்கட்டும்" என்றார்.

முதல்நாள் பெற்றவர்கள் இருவரும் சுமந்தார்கள். கொற்றி வரவில்லை. வீட்டில் அவளுக்குரிய சோற்றை மூடி வைத்திருந்தார்கள்.

மறுநாள் வந்தாள். ஒரு குடத்தை எடுத்து வரப்பில் போட்டு உடைத்தாள். காரி திட்டவில்லை. "இருப்பது இன்னும் ஒரு குடம்தான். அதையும் உடைத்தால் சட்டியில் சுமப்போம்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அதற்கு மறுநாள், அம்மா கால் இடறி விழுந்தபோது, அவள் குடத்தைக் கொற்றி தூக்கிக்கொண்டாள். மாலைவரை சுமந்தாள். வீடு திரும்பும்போது அப்பனிடம் கேட்டாள்:

"அன்றைக்கு ஏன் பொய் சொல்லவில்லை?"

"முன்பு சொன்னோமே. அதனால் உனக்கு என்ன நன்மை வந்தது?"

"அப்படியானால் ஏன் துரத்தவில்லை?"

"நீ செய்தது தப்பு. நீ எங்கள் பிள்ளை. ஒன்றுக்காக இன்னொன்றை இல்லையென்று சொல்ல முடியுமா?"

மழை வந்தது. நல்லியின் வயல் பிழைத்தது; காரியின் வயல் கருகிப்போயிருந்தது. கொற்றி ஒரே நாளில் திருந்திவிட்டாள் என்று நான் சொன்னால் அது பொய். கோபம் வந்துகொண்டுதான் இருந்தது. மீனவப் பெண் ஒருத்தி ஏதோ சொல்லிவிட்டாள் என்று அவளது வலையை ஒருநாள் கிழித்தெறிந்தாள்.

சேதி கேட்டு, காரியும் சாத்தியும் பதறி ஓடினார்கள். அவர்களுக்கு முன்பே கொற்றி அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தாள். கிழிந்த வலை அவள் கையில் இருந்தது.

"நான்தான் கிழித்தேன்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "வலையை எப்படிப் பின்னுவது என்று சொல்லிக்கொடுங்கள், பின்னித் தருகிறேன்."

சாத்தி தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். காரி போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

ஆகவே, பிள்ளையின் குற்றத்தை மறைக்காமலும், அந்தக் குற்றத்துக்காகப் பிள்ளையைக் கைவிடாமலும் இருப்பதே பெற்றவர் கடமை.