நூற்றிருபது ஃப்ரேம்

"ஒவ்வொரு ஃப்ரேமும் சுத்தமாத்தான் இருக்கு மேடம். ஓட்டிவிட்டா ஓரம் நடுங்குது," என்றார் அருளப்பன்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். படத்தில் இருக்கும் ஆளை ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்துப் பின்னணியை மாற்றும் வேலைக்கு இப்போதுதான் வந்திருந்தார்.

குருவாக வாய்த்த பெனாசிருக்கு இருபத்தாறு. மகள் வயசில் ஒரு குருவா என்று முதல் வாரம் முணுமுணுத்ததுண்டு. இப்போது அதற்கெல்லாம் தெம்பில்லை.

ஒரே ஷாட் நான்கு முறை திரும்பி வந்துவிட்டது. நாளையும் திரும்பினால் வேலை போய்விடும்.

"எத்தனை ஃப்ரேம்ல கை வச்சீங்கண்ணா?"

"நூத்தியிருபதுலயும். ஒண்ணுகூட விடல."

அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பெனாசிர் திரையை அணைத்தார்.

"அந்தம்மா என்ன பண்றாங்க?"

"எந்தம்மா?"

"ரெண்டு வாரமா வெட்டிட்டிருக்கீங்களே, அவங்க."

அருளப்பன் யோசித்தார். சேலை ஓரம் தெரியும். காதோர முடி ஒவ்வொன்றும் தெரியும். வளையலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்கும் சந்துகூட மனப்பாடம்.

"தெரியல மேடம்."

பெனாசிர் திரையைப் போட்டு, அருளப்பன் இரண்டு வாரமாக ஓரத்தைச் சுற்றி வரைந்த கோடுகளையெல்லாம் ஒரே அழுத்தில் அழித்தார்.

"பாருங்க," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் அருளப்பன் ஓட்டிப் பார்த்தார். மொத்தமே ஐந்து நொடி.

அந்த அம்மா யாரையோ வழியனுப்பக் கையைத் தூக்குகிறார். பாதியில் நிறுத்துகிறார். மெல்ல இறக்கிவிடுகிறார்.

மறுபடி ஓட்டினார். பத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டியிருப்பார். கண் கலங்கிவிட்டது.

பிறகு கை கிளம்பும் ஃப்ரேமில் ஒரு கோடு வரைந்தார். நிற்கும் இடத்தில் ஒன்று. இறங்கத் தொடங்கும் இடத்தில் ஒன்று. ஓய்ந்த இடத்தில் ஒன்று. நடுவில் உள்ளதைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொண்டது. விரல் நுனியில் மட்டும் இரண்டு இடத்தில் லேசாகத் திருத்தினார்.

மறுநாள் காலை, ஷாட்டுகளைச் சரிபார்க்கும் ஜெபராஜ் வந்து உட்கார்ந்தார். நான்கு முறையும் ஓரத்திலேயே விரல் வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பியவர். அருளப்பன் அவர் முதுகுக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஜெபராஜ் ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்.

பிறகு திரும்பிக் கேட்டார்.

"இந்தம்மா ஏன் கையை இறக்கிட்டாங்க?"