வெள்ளிமுடியின் முள்வேலி

ராஜாக்களும் கால்நடையாகவே மலையேறிய காலம் அது, கேளுங்கள். வெள்ளிமுடி என்றொரு மலை. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு. நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்றே ஒன்று. உப்பு விற்பவரும் தேன் விற்பவரும் சம்பந்தம் பேசப் போகிறவரும் அதில்தான் போக வேண்டும், அதில்தான் வர வேண்டும்.

ஒரு தை மாதம் இந்தப் பக்கத்து அரசன் மலையவேள் பரிவாரத்தோடு அந்தப் பாதையில் ஏறினான். பாறை விளிம்பில் ஒரு வரையாடு அப்போதுதான் ஈன்ற குட்டியை நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது. ஆள் அரவம் கேட்டதும் தாய் மிரண்டு பாய்ந்தது. பின்னாலேயே ஓடப் பார்த்த குட்டி கால் இடறிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. அரசனுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஆணை போட்டான். தையும் மாசியும் வரையாடு குட்டி போடும் காலம். அந்த இரண்டு மாதமும் ஒருவரும் மலைப்பாதையில் கால் வைக்கக் கூடாது. பாதை தொடங்கும் இடத்தில் முள்வேலி அடைத்தார்கள். பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டு, வேம்பன் என்பவனைக் காவலுக்கு வைத்தார்கள்.

வேம்பன் சோம்பேறி அல்ல. அதுதான் வினையாகப் போயிற்று. விடிந்தால் நாயை அழைத்துக்கொண்டு வேலியைத் தாண்டி உச்சிவரை போவான். யாராவது கள்ளத்தனமாக ஏறியிருக்கிறார்களா என்று புதர் புதராகத் தேடுவான். பொழுது சாய இறங்குவான். ஒருவரும் ஏறவில்லை. ஆனாலும் பங்குனி முதல் நாள் அரசன் போய்ப் பார்த்தபோது, நாற்பது குட்டி துள்ளிய இடத்தில் முப்பதுதான் இருந்தன.

வேம்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த தையில் அரசன் ஒரு முரசுக்காரனையும் அனுப்பினான். அவன் தினமும் அடிவாரத்திலிருந்து உச்சிவரை நடந்து, "இந்தப் பாதையில் ஒருவரும் நடக்கக் கூடாது!" என்று முரசறைந்தான். கேட்க ஆளில்லாத காட்டில் தொண்டை கட்டும்வரை அறிவித்தான். சிரிக்காதீர்கள், அரண்மனை உத்தரவு அப்படி. அந்தப் பங்குனியில் இருபது குட்டி.

வேம்பனுக்கும் விளங்கவில்லை, அரசனுக்கும் விளங்கவில்லை.

மூன்றாம் தையில் குட்டிகளை எண்ணுவதற்கென்றே ஆறு பேர் வந்தார்கள். பாறை இடுக்கில் தலையை விட்டு எண்ணினார்கள். காலையில் எண்ணியது மாலையில் அங்கே இல்லை. அதனால் மறுபடியும் ஏறி எண்ணினார்கள். பங்குனியில் பத்தே குட்டி.

அரசன் வேம்பனைக் கூப்பிட்டான். "வேலி இருக்கு, முரசு இருக்கு, எண்ண ஆள் இருக்கு. குட்டி மட்டும் எங்கேடா போகுது? நீ யாரையோ திருட்டுத்தனமா உள்ளே விடுறே."

"சத்தியமா இல்லைங்க, மவராசா."

"அடுத்த பங்குனியில பத்துல ஒன்னு குறைஞ்சாலும், நீயும் உன் பெண்சாதியும் இந்த நாட்டுலயே இருக்கக் கூடாது."

புலி தின்கிறதா, கழுகு தூக்குகிறதா, யாராவது செய்வினை வைத்தார்களா என்று அந்த வருஷம் முழுக்க வேம்பன் குழம்பினான். தை பிறந்தது. அவன் மனைவி காரிக்கு நிறைமாதம். பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த நாட்டுக்குப் போவது?

தை முதல் நாள் காலையிலேயே காரிக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்து கதவைச் சாத்தினாள். வேம்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து வெந்நீர் வேண்டுமா என்று கேட்டான். மறுபடி திறந்து விசிறவா என்று கேட்டான். மூன்றாம் தடவை, பிறந்துவிட்டதா என்று தலையை நீட்டினான்.

"ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்கயாவது தூரப் போய் உக்காருங்க!" என்று கத்தினாள் காரி. "நீங்க வந்து வந்து எட்டிப் பாத்தா, வர்ற வலியும் நின்னு போகுது!"

நல்லதுக்குத்தானே கேட்டோம் என்று அவனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நாயோடு வேலியருகே போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண் குழந்தை.

வேம்பன் எழுந்து ஓடப் போனவன் அப்படியே நின்றான். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். மூன்று வருஷமாக அந்தப் பாதையில் நடந்தது யார்? உப்பு விற்பவர் நடக்கவில்லை. தேன் விற்பவர் நடக்கவில்லை. நடந்தது நான், என் நாய், முரசுக்காரன், எண்ண வந்த ஆறு பேர்.

"அட கடவுளே, நாமதானா!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அன்றே நாயைக் கட்டிப் போட்டான். முரசுக்காரன் வந்தான், திருப்பி அனுப்பினான். எண்ணுகிறவர்கள் வந்தார்கள், திருப்பி அனுப்பினான். காவல்காரன் காவலை விட்டுவிட்டு மகளைக் கொஞ்சிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று அரண்மனைக்குச் சேதி போயிற்று. மாசியில் அரசனே நேரில் வந்தான்.

"விலகுடா. நான் மேலே போய்ப் பார்க்கணும்."

வேம்பன் குழந்தையை மார்போடு அணைத்தபடி வேலிக்கு முன்னால் நின்றான். "ஒருத்தரும் போகக் கூடாதுன்னு உத்தரவுங்க, மவராசா."

"அது நான் போட்ட உத்தரவு. என்னையே தடுக்கிறியா?"

"என்னைத் தடுக்க ஆளில்லாமத்தான் மூணு வருஷமா குட்டிங்க செத்துச்சு. நான் காவக்காரன்னு ஆட்டுக்குத் தெரியுமா? நீங்க ராசான்னு தெரியுமா? மனுச வாடை பட்டாலே மிரண்டு ஓடும். வேணும்னா என்னை இப்பவே நாடு கடத்துங்க. வேலியைத் திறக்க மட்டும் சொல்லாதீங்க."

அரசன் வாளில் கை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். "எனக்கு ஒன்னுமே புரியலடா" என்றான் கடைசியில். "ஆனா பங்குனி வரைக்கும் நானும் உள்ளே போகலை." வந்த வழியே திரும்பிப் போனான்.

பங்குனி முதல் நாள் வேலியை எடுத்தார்கள். அரசனும் வேம்பனும் மட்டும் சத்தமில்லாமல் ஏறினார்கள். முதல் வளைவு தாண்டியதும் மேலே போக வழியில்லை. பாதையை அடைத்துக்கொண்டு மந்தை மேய்ந்தது, தாய்களின் காலுக்கடியில் குட்டிகள் முட்டி விளையாடின. அரசன் எண்ணத் தொடங்கினான். பத்தைத் தாண்டியது. பதினைந்தைத் தாண்டியது. சட்டென்று நிறுத்திக்கொண்டு, "வாடா, கீழே போயிடலாம், மிரளப் போகுது" என்று வேம்பன் கையைப் பிடித்து இழுத்தான்.

ஆகையால், பெரியவர்களே, பிள்ளைகளே, ஓர் உயிரைக் காக்க வேலி போட்டால், போட்டவரும் காவல் நிற்பவரும்தான் முதலில் அதற்கு வெளியே நிற்க வேண்டும்.