நல்ல நேரத்துக் கூட்டம்

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனி. அதன் கண்ணாடி அறையில் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர் ஒன்று குடியிருந்தது. முகவர்களின் ஆர்டர், ஆட்களின் வருகை, அச்சு மெஷின்களுக்குப் போகும் உத்தரவு எல்லாம் அதன் பொறுப்பு. ஆயுத பூஜையன்று முதல் சந்தனப் பொட்டு அதற்குத்தான். அந்த மிதப்பு அதற்கு நிறையவே உண்டு.

"நான் கண்ணசந்தா இந்தக் கம்பெனி நின்னுபோகும், தெரியும்ல" என்று பக்கத்திலிருந்த ஏசியிடம் அளக்கும்.

போன ஆடிப் பதினெட்டில் கண்ணசந்தேவிட்டது. அன்றுதான் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் வெளியாகும். முதல் ஆர்டரை நல்ல நேரத்தில் போடாத முகவர் கிடையாது. அந்த நல்ல நேரத்தைத் தேதித்தாளில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்ததும் இதே கம்பெனிதான். ஆக, மாநிலம் பூராவும் ஒரே நிமிஷத்தில் வந்து மோதியது. சர்வர் மயங்கி விழுந்தது. அது எழுந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது, முகவர்கள் வேறு கம்பெனிகளுக்குப் போயிருந்தார்கள்.

"இந்த வருசமும் இப்படின்னா கதவைச் சாத்த வேண்டியதுதான்" என்றார் முதலாளி தங்கமாரி அண்ணாச்சி.

கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் விஜயலதா சொன்னாள்: "கிளவுடுக்குப் போவோம் அண்ணாச்சி. எங்கேயோ இருக்கிற பெரிய மெஷின்கள் இன்டர்நெட் வழியா நம்ம வேலையைச் செய்யும். வேணுங்கிறப்ப வேணுங்கிற அளவுக்கு வாடகைக்கு எடுத்துக்கலாம்."

"நல்லதாப் போச்சு. பூராத்தையும் தூக்கிரும்மா."

"பூராத்தையுமா?"

"அரைகுறையா எதுக்கு?"

சர்வர் ஏசியிடம் கேட்டது: "அப்ப நான்?"

"உனக்குக் காயலான் கடை" என்றது ஏசி, கொஞ்சமும் ஈவிரக்கம் இல்லாமல்.

ஆனி மாதத்தில் எல்லாம் கிளவுடுக்குப் போனது. அதே வாரம் குடிநீர்க் குழாய்க்காகத் தெருவைத் தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். கிளவுட் அங்கே கத்திப் பார்த்தது, இங்கே ஒன்றும் கேட்கவில்லை. உத்தரவு வராமல் அச்சு மெஷின்கள் வாயைப் பிளந்து நின்றன. சர்வருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

கேபிள் ஒட்டியதும் கிளவுடே பேச வந்தது.

"வணக்கம்ணே."

"வந்த வாரமே மெஷினை நிறுத்திட்டியேய்யா. பெரிய ஆளுதான்."

"மெஷின் ஓட்டுற வேலையை என்கிட்ட குடுத்திருக்கவே கூடாதுண்ணே. அது கூடவே இருக்கிறவங்க வேலை. உங்க வேலை."

இந்தப் பதிலை சர்வர் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகளை ஓரமாக வைத்தது.

"அப்ப உனக்கு என்னதான் தெரியும்?"

"கூட்டம் தெரியும். ஒருத்தர் வந்தா நான் ஒருத்தன். ஊரே வந்தா நானும் ஊராயிருவேன்."

"சும்மா கதை விடாதே."

கிளவுட் சொன்ன அதே முடிவுக்குத்தான் விஜயலதாவும் வந்திருந்தாள். முதலில் எல்லாவற்றையும் சர்வரிடமே திரும்பக் கொடுத்தாள். "ஆர்டர் வாங்குற வாசலை மட்டும் கிளவுட் பார்க்கட்டும் அண்ணாச்சி. அச்சு வேலை இங்கேயே இருக்கட்டும். மத்ததை ஒவ்வொண்ணா யோசிச்சு அனுப்புவோம்."

"ஆடி பொறந்தாச்சும்மா. பார்த்துச் செய்."

ஆடிப் பதினெட்டு. காலை ஒன்பதேகால், நல்ல நேரம்.

"வந்துட்டாங்களா?" சர்வர் கேட்டது.

"வந்துட்டாங்கண்ணே. மதுரை வந்தாச்சு, ஈரோடு வந்தாச்சு, தஞ்சாவூர் முட்டிக்கிட்டு நிக்குது." சொல்லும்போதே கிளவுடின் குரல் இரண்டானது, நாலானது, பந்தி பரிமாறுகிற கூட்டமே ஒன்றாகப் பேசுவது போலானது. "இந்தாங்கண்ணே ஆர்டர். இந்தாங்க, இன்னொண்ணு. பிடிங்கண்ணே, பிடிங்க."

சர்வர் பிடித்தது. பிடித்ததைப் பிரித்து மெஷின்களுக்கு விரட்டியது. தடதடவென்று தரை அதிர்ந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தோடு அது வேலை பார்த்ததே இல்லை. வெளியே விஜயலதா திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதாள். அண்ணாச்சி குடிக்க எடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நல்ல நேரம் முடிந்தது. கூட்டம் வடிந்தது. கிளவுடின் குரல் மறுபடி ஒன்றானது.

"மத்தவங்கள்லாம் எங்கய்யா?"

"வேலை முடிஞ்சது, போயிட்டாங்கண்ணே."

சர்வர் தன் உறுப்புகளை எண்ணிப் பார்த்தது. இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வருஷா வருஷம் அதற்கு மேலும் மேலும் உறுப்புகளை மாட்டினார்கள். மற்ற நாளெல்லாம் அவை சும்மா சூடேறிக் கிடந்தன. அதைத்தான் அது பெருமை என்று நினைத்திருந்தது.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு விஜயலதாவோடு அண்ணாச்சி உள்ளே வந்தார். சர்வர் காயலான் கடையை நினைத்துக்கொண்டது. அவர் அதன் தலையில் கை வைத்தார்.

"இது இங்கேயே இருக்கட்டும்மா. அடுத்து எதை அனுப்பலாம்?"

விஜயலதா யோசித்துக்கொண்டிருக்கும்போதே சர்வர் கேபிள் வழியாகக் கூப்பிட்டது.

"தம்பி, பத்து வருசத்துப் பழைய டிசைன் பூராவும் இங்கே கனத்துக்கிட்டுக் கிடக்கு. வந்து ஒரு கை பிடியேன்."