போணிக்கு வந்த பனிவண்டி

கனடாவின் வடகோடியில், பனிமேல் ஓடும் பனிவண்டிகளை விற்கும் கடை போட்டிருந்தார் விருதுநகர் தங்கப்பாண்டி. பனி கொட்டினால் விலையை ஏற்றுவார், கரைந்தால் பாதியாக இறக்குவார். ஆனால் வண்டி துடைக்கும் சீனிச்சாமிக்கு எப்போதும் ஒரே கட்டளைதான்.

"எந்த மாசம் யாரு கேட்டாலும் 'இப்பத்தான் வாங்க நல்ல நேரம்'னு சொல்லணும். பொய்யும் சொல்லக்கூடாது, நம்ம கடைக்குன்னு ஒரு பேரு இருக்கு. ரெண்டுல எது தப்பினாலும் வேலை போச்சு!"

மார்கழிப் பனி இடுப்பளவு கிடந்த ஒரு காலையில், கடை திறந்ததும் திறக்காததுமாக ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெசிந்தா உள்ளே வந்தாள்.

"அண்ணே, வண்டி இப்ப வாங்கலாமா, பனி கரையட்டுமா?"

முதலாளி கல்லாவிலிருந்து சீனிச்சாமியை முறைத்தார்.

"இப்பவே வாங்கு தங்கச்சி. கடையில இன்னும் போணி ஆகலை. முதல்ல வந்த ஆளை வெறுங்கையோட அனுப்பினா அன்னிக்கு யாவாரமே விளங்காதுன்னு முதலாளிக்குப் பயம். பனி கரைஞ்சா என்ன விலையோ, அதையே கேளு."

ஜெசிந்தா முதலாளியிடம் பாதி விலைக்குக் கேட்டாள். கேட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, நில்லு நில்லு!" என்று ஓடிவந்தார் தங்கப்பாண்டி. பாதி விலையை வாங்கி, பழக்கம் விடாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சீனிச்சாமி கட்டளையையும் மீறவில்லை, பொய்யும் சொல்லவில்லை. எதைச் சொல்லி அவனை அனுப்புவது?

"நாளையிலேர்ந்து," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, "போணி ஆனப்புறம் வேலைக்கு வாடா!"