மூன்றாவது துண்டு

ஆலங்கரை சினிமா சங்கத்தில் படம் ஓட்டுகிறவள் எஸ்தர். அந்த வேலையில் தன் மச்சானை உட்கார வைக்கச் சங்கத் தலைவர் வடமலைக்கு வெகுநாள் ஆசை. ஆண்டு விழாவன்று, அரங்கம் நிறைந்துகொண்டிருந்த நேரத்தில், அவள் மேஜையில் ஒரு பென்டிரைவைப் போட்டார்.

"பெரிய படம். அஞ்சு துண்டா வெட்டி அனுப்பியிருக்காங்க. ஒண்ணா சேர்த்து ஓட்டு. முடியலைன்னா நாளையிலேருந்து வராதே."

எஸ்தர் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, ‘கோப்புகளை இணை’ என்ற கட்டளையைக் கொடுத்தாள். மூன்றாவது துண்டு இல்லை என்றது கம்ப்யூட்டர். குரல் மாறாமல், "சார், மூணாவது துண்டைக் காணோமே?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்?" என்றார் வடமலை. சொல்லும்போதே அவர் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

எஸ்தர் மைக்கை எடுத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். படத்தை யாரும் திருடிவிடக் கூடாதென்று, ஒரு துண்டை நம் தலைவர் தன் சட்டைப் பையிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அதை இப்போது தரப்போகிறார். பலமாகக் கைதட்டுங்கள்!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. வடமலை வேறு என்ன செய்வார்? அசட்டுச் சிரிப்புடன் பையிலிருந்து இன்னொரு பென்டிரைவை எடுத்து நீட்டினார். எஸ்தர் மறுபடி கட்டளை கொடுத்தாள். ஐந்தும் ஒன்றாயின. படம் எங்கும் தடங்கலில்லாமல் ஓடியது.

இடைவேளையில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார் வடமலை. "என் பையில இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

"உங்க கைதான் சார்" என்றாள் எஸ்தர்.