கற்பூரம் ஏற்றாத வாசல்

குன்றடி மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்துவிட்டு வருகிறவர் வாசலில் கற்பூரம் ஏற்றி, அதன் வாசனை கரையும்வரை வெளியிலேயே உட்கார வேண்டும். அப்புறம் உள்ளே போகலாம். அந்தத் தப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. ஊரை அடித்து உலையில் போட்டவன்கூட அரை மணியில் பந்தியில் உட்கார்ந்திருப்பான். எனக்கு அதில் எரிச்சல்தான். என்றாலும் வழக்கம் வழக்கம்தான்.

வசுமதி அந்த மடத்துச் சிஷ்யை, குரு பரஞ்சோதி அடிகளைவிட வயதில் மூத்தவள். சிப் செய்யும் கம்பெனியில் இன்ஜினீயர். அன்றைக்கு வந்தவள் படியேறாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சாமி, எனக்குக் கற்பூரம் வேணும்."

அடிகள் டப்பாவோடு வந்து, என்ன தப்பு என்று கேட்டார்.

சிப் செய்யும் எந்திரத்தைச் சுத்தம் செய்ய ஒரு வாயுவை விடுவார்கள். மிச்சத்தை எரித்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும். எரிக்கிற கலம் பழுதாகிவிட்டது. வேலை நிற்கக் கூடாது என்றது மேலிடம். இவள் மாற்றுக் குழாயைத் திறந்து, வாயுவை அப்படியே ஆகாயத்தில் விட்டாள். விஷவாயு கசிந்தால் அங்கே மணி அடிக்கும். இது சுவாசித்தவரை ஒன்றும் செய்யாது, அதனால் மணி அடிக்கவில்லை. அடிக்காத மணியை நம்பி, மழைக்காலம் முழுக்கத் திறந்தே வைத்திருந்தாள். படித்த பாவி.

"நிறம் உண்டா?" என்றார் அடிகள்.

"இல்லை சாமி."

"வாசனை?"

"அதுவும் இல்லை."

"எப்போ கரையும்?"

"கரையாது சாமி. ஐம்பதாயிரம் வருஷம் மேலேயே நின்னு, பூமியோட சூட்டை வெளியே விடாது. இனி யாராலயும் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது."

அடிகள் தீக்குச்சியை உரசவில்லை. டப்பாவை மூடிவிட்டார்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு எனக்கே தெரியுது," என்று அழுதாள். "காசி, ராமேஸ்வரம், எங்கே வேணாலும் போறேன். ஒரு பரிகாரம் சொல்லுங்க. நான் உள்ளே வரவே முடியாதா?"

உள்ளே உபதேசத்துக்குக் கூட்டம் காத்திருந்தது. கடல் தாண்டியும் அவர் பேச்சைப் போனில் கேட்கிறார்கள். அதற்காகவே அடியார்கள் வருஷா வருஷம் புதுப் போன் வாங்கித் தருவார்கள். அடிகள் மடியிலிருந்த போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ளேயும் உங்க சிப் இருக்குமா?"

"இருக்கும் சாமி."

போனைப் படியில் வைத்துவிட்டு, அவர் வாசலைவிட்டு இறங்கினார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா, எனக்கும் இடம் வேணும்," என்றார்.